நோயாளியின் சம்மதமும் வைத்தியரின் பொறுப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

உடலும் உயிரும் வல்ல நாயன் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானத்துக்களாகும். நோய் வந்தால் மருந்து தேடுவது அந்த அமானத்தைப் பேணுவதில் சேர்ந்தது. நாட்டுப்புற அரபிகள் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருந்து செய்து கொள்ளலாமா என்று வினவினார்கள். செய்து கொள்ளலாம் என்றும், முதுமை ஒன்றைத் தவிர அல்லாஹ் இறக்கிய எந்த நோய்க்கும் நிவாரணம் இறக்காமல் இல்லை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எனவே மருந்து செய்யலாமா என்பதில் ஐயம் எதுவுமில்லை. இன்று நம் வீடுகளில் எழுகின்ற கேள்விகள் வேறு. ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் யார்? நோயாளியா, கணவரா, மகனா, டாக்டரா? டாக்டர் தவறிழைத்தால் கத்ரு என்று எண்ணி வாய்மூடி இருக்க வேண்டுமா? வழக்குத் தொடரலாமா? வழக்கில் கிடைக்கும் பணம் ஹலாலா? காஞ்சிபுரத்தில் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் மஸ்அலா கேட்டு வருகிறவர்களில் இவற்றைக் கேட்போர் பெருகி வருகின்றனர்.

ஒரு முறை ஒரு குடும்பத்தார் வந்தார்கள். வயிற்றில் கட்டி என்று வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்ற தாயாருக்குக் கருப்பையே எடுக்கப்பட்டிருந்தது. பிறகு சிறுநீர் தரிக்காமல் அந்த அம்மையார் தொழுகைக்கு ஒளூ நிற்காத நிலைக்கு ஆளாகிவிட்டார். தாளில் கையெழுத்திட்டவர் மூத்த மகன். டாக்டர் மீது பிராது கொடுத்தால் பாவமாகுமா என்பது அந்த மகனுடைய கேள்வி. திரைக்கு அப்பாலிருந்து அந்தத் தாய் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்: "என்னை யாரும் கேட்கலையே, ஹஜ்ரத்!"

மகனுடைய கேள்வி டாக்டரைப் பற்றியது. தாயுடைய வார்த்தையோ டாக்டர், மகன், குடும்பம் என எல்லோரையும் பற்றியது. இரண்டுக்கும் நம் தீனில் தெளிவான விடை இருக்கிறது. தாயின் வார்த்தையிலிருந்தே தொடங்குவோம்.

நாயகத்தின் இல்லத்தில் நடந்தது

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தில் பதிந்துள்ளார்கள். நோய் கடுமையாக இருந்த வேளையில் வீட்டிலிருந்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் வாயின் ஒரு பக்கமாக மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று பெருமானார் சைகை செய்தார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று நினைத்து வீட்டார் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள், நான் தடுத்தேனல்லவா என்று கண்டித்தார்கள். அங்கிருந்த அனைவருக்கும் தம் கண்முன்னே அதே போன்று மருந்தூற்றப்பட வேண்டும் என்றும், அப்போது உடனிருக்காத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! மருந்தூற்றியவர்கள் பகைவர்களல்லர். நாயகத்தின் மீது உயிரையே வைத்திருந்த குடும்பத்தார். ஊற்றப்பட்டதும் விஷமன்று, மருந்துதான். ஆனாலும் சுய அறிவோடு வேண்டாமென்று தெரிவித்த நோயாளியின் சொல்லை மீறியதற்காக அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை நோய் பற்றிய இடத்தில் மட்டும் வைக்கவில்லை. உயிருக்கும் உறுப்புக்கும் நேரும் பாதிப்புகளைப் பேசும் தியத்துடைய பாடத்திலும் கொண்டு வந்திருக்கிறார்கள். அன்பு இருக்கிறது என்பதற்காக அதிகாரம் வந்துவிடாது என்னும் பாடம் இதில் நமக்கு இருக்கிறது.

இன்னொரு ஹதீஸையும் பாருங்கள். கருநிறப் பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, எனக்குக் காக்காய் வலிப்பு வருகிறது, ஆடை விலகிவிடுகிறது, துஆச் செய்யுங்கள் என்றார். நீ விரும்பினால் பொறுமையாயிரு, உனக்குச் சுவர்க்கம் உண்டு. விரும்பினால் ஷிபாவுக்காக நான் துஆச் செய்கிறேன் என்ற கருத்தில் பெருமானார் இரு வழிகளை அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. இதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாவு இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் உன் கணவரை அழைத்து வா, தந்தையைக் கேட்டு வா என்று சொல்லப்பட்டதாக இல்லை. நிலைமை விளக்கப்பட்டது, வழிகள் சொல்லப்பட்டன, முடிவு அந்தப் பெண்மணியின் கையில் விடப்பட்டது. அன்று அந்தச் சபையில் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்த உரிமை இன்று நம் வீட்டுத் தாய்மார்களுக்குக் கிடைக்கிறதா?

டில்லி வழக்கு

இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2008-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி அளித்த தீர்ப்பு ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

1995-ஆம் ஆண்டில் டில்லியில் 44 வயதுடைய, மணமாகாத ஒரு பெண்மணி மாதவிடாய்க் கோளாறுக்காக ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சென்றார். வயிற்றுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கும் சம்மதித்துக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியிலிருந்த முதிய தாயாரிடம் சம்மதம் பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டுவிட்டன. கண் விழித்தபோதுதான் அவருக்கு விவரம் தெரிந்தது.

நோயாளி வயது வந்தவர், புத்தி சுவாதீனம் உள்ளவர், சற்று நேரம் மயக்கத்தில் இருக்கிறார், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அப்படியிருக்கத் தாயின் சம்மதம் மகளின் சம்மதமாகாது. அவர் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது. ஓர் ஆபரேஷனுக்குத் தந்தது இன்னொன்றுக்குச் செல்லாது. உயிரைக் காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு என்றும் விதி வகுத்தது. அந்த ஆபரேஷனுக்குக் கட்டணம் பெற டாக்டருக்கு உரிமை இல்லை என்றும், 25,000 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் தீர்ப்பானது.

நமது ஊர்த் தறியை வைத்தே இதை விளங்கிக் கொள்ளலாம். மாம்பழ நிற உடலுக்கு அரக்குக் கரை வேண்டுமென்று சொல்லிப் போனவர் இல்லாத வேளையில், அவருடைய தாயாரைக் கேட்டு நிறத்தை மாற்றிவிட்டேன் என்று எந்த நெசவாளியும் சொல்ல மாட்டார். பாவு தறியேறிவிட்டால் நிறம் மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே உடல், கரை, முந்தானை மூன்றையும் கேட்டு உறுதி செய்து கொள்கிறார். ஒரு பட்டுச் சேலைக்கு இவ்வளவு கேள்வி என்றால், அல்லாஹ் அழகாகப் படைத்த மனித உடலுக்கு எவ்வளவு கேட்க வேண்டும்!

குடும்பத்தாரின் இடம் எது?

அப்படியானால் கணவருக்கும் மக்களுக்கும் வேலையே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. முஃமின்களின் காரியங்கள் மஷூரா கலந்து நடப்பவை என்று அஷ்ஷூரா அத்தியாயத்தில் (42:38) அல்லாஹ் புகழ்ந்து கூறுகின்றான். உடன் செல்வது, கேட்டு அறிவது, செலவைத் தாங்குவது, தைரியம் சொல்வது எல்லாம் குடும்பத்தாரின் கடமை. கோர்வைச் சேலை நெய்யும்போது நெசவாளியின் பக்கத்தில் அமர்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளும் துணையாள் இல்லாமல் கரை சேராது. ஆனால் தறியில் அமர்ந்திருப்பவர் நெசவாளிதான்.

குழந்தையாயிருந்தால் பெற்றோர் முடிவு செய்வார்கள். அதிலும் பால்குடி மறக்கச் செய்யும் விஷயத்தைக்கூடத் தாய் தந்தை இருவரும் மனமொப்பி, கலந்து பேசியே செய்ய வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தில் (2:233) அல்லாஹ் வழிகாட்டியிருக்கின்றான். சுய நினைவு அற்றவருக்கு வலீ முடிவு செய்வார். உயிர் போகும் அவசரத்தில் டாக்டர் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. 1992-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய உலக இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் இவ்வாறே தீர்மானித்தது. முழுத் தகுதியுள்ள நோயாளியின் அனுமதி நிபந்தனை. தகுதியற்றவருக்கு வலீயின் அனுமதி. ஆனால் வலீ மறுப்பதால் நோயாளிக்குத் தெளிவான தீங்கு நேருமானால் அந்த மறுப்பு ஏற்கப்படாது என்பது அதன் சாரம்.

பெண் டாக்டர் இல்லை என்று காரணம் காட்டி, வலியில் துடிக்கும் மனைவியை வீட்டிலேயே வைத்திருக்கும் கணவர்களும் இருக்கிறார்கள். பெண் டாக்டரைத் தேடுவது முறைதான். கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு மட்டும் ஆண் டாக்டர் பார்ப்பதை நம் இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். அவ்ரத்தைக் காக்கிறோம் என்று சொல்லி உயிரைப் போக்குவது பேணுதலாகாது.

நோயை மறைப்பது சரியா?

காஞ்சிபுரம் பெற்றெடுத்த அறிஞர் அண்ணா அவர்கள் 1969 பிப்ரவரி 3-இல் புற்று நோயால் காலமானார்கள். அதே ஆண்டில் அவர்கள் பெயரால் இங்குள்ள காரைப்பேட்டையில் புற்று நோய் மருத்துவமனை அமைந்தது. இத்தகைய மருத்துவமனைகளுக்கு வயதானவர்களை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் பல, அவரிடம் நோயின் பெயரைச் சொல்லி விடாதீர்கள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கெஞ்சுகின்றன. இது இரக்கத்தால் வருவது, நாம் அறிவோம்.

ஆனால் ஒரு முஃமினுக்குத் தன் நிலைமை தெரிந்தால் செய்ய வேண்டிய வேலைகள் எத்தனை! கடன் தீர்க்க வேண்டும். களாவான நோன்புகளுக்கு வழி செய்ய வேண்டும். மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வஸிய்யத் எழுத வேண்டும். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிப்பது தகாது என்பது இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தாம் பிழைக்க மாட்டோம் என்று கருதிய நோயில்தான் தம் சொத்தைப் பற்றி நாயகத்திடம் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் இல்லை என்னும் சட்டம் நமக்குக் கிடைத்தது. அவர்களும் பின்னர் நெடுங்காலம் வாழ்ந்தார்கள்.

மறைப்பதால் நாம் நோயாளியின் கவலையைக் குறைப்பதில்லை. அவருடைய ஆகிரத்துக்கான ஆயத்தத்தைப் பறிக்கிறோம். எப்போது, எந்த வார்த்தையில், யார் வாயிலாகச் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும். சொல்லாமலே விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

வைத்தியரின் பொறுப்பு

இனி மகனுடைய கேள்விக்கு வருவோம். வைத்தியம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால் அவரே ளாமின், அதாவது நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்னும் கருத்துள்ள ஹதீஸை அபூதாவூது, நஸயீ, இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். இதை அடிப்படையாக வைத்து நம் இமாம்கள் நுட்பமான சட்டங்களை வகுத்தார்கள்.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் 'அல்உம்மு' என்னும் கிரந்தத்தில், இரத்தம் குத்தி எடுப்பவரும் கத்னா செய்பவரும் அந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் செய்யும் முறைப்படி, அனுமதி பெற்றுச் செய்தால், பாதிப்பு நேர்ந்தாலும் பொறுப்பில்லை. தொழில் தெரிந்தவர்கள் செய்யாத முறையில் செய்தால் பொறுப்பு உண்டு என்ற கருத்தை விளக்கியுள்ளார்கள். 1957-இல் இங்கிலாந்து கோர்ட்டு ஒன்று ஏறத்தாழ இதே அளவுகோலை எடுத்துரைத்தது. இன்று நம் நாட்டுக் கோர்ட்டுகளும் அதையே பின்பற்றுகின்றன. நம் இமாம் அவர்களோ அதைப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்!

இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' கிரந்தத்தில் வைத்தியர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். தொழில் தெரிந்து, அனுமதி பெற்று, முறைப்படி செய்தவர், தொழிலே தெரியாதவர், தெரிந்தவர்தான், ஆனால் கை தவறியவர், தெரிந்தவர்தான், ஆனால் மருந்தைத் தீர்மானிப்பதில் பிழைத்தவர், தெரிந்தவரே ஆயினும் அனுமதியின்றி அறுத்தவர். முதலாமவர் மீது பொறுப்பில்லை. தொழில் தெரியாதவர் தம்மைத் தெரிந்தவராகக் காட்டிக் கொண்டிருந்தால் அவரே பொறுப்பாளி. கை தவறியதும் கணிப்புப் பிழைத்ததும் கதா, அதாவது நாடாமல் நேர்ந்த பிழை. அதற்கு ஈடு உண்டு, பாவமில்லை. அனுமதியின்றிச் செய்ததில் அவர்களே இரு கோணங்களையும் ஆராய்கிறார்கள் என்றாலும், பொறுப்பு உண்டு என்பதே முன்வைக்கப்பட்ட சட்டம்.

வயது வந்த ஒருவர் தம் காரியத்தைத் தாமே பார்ப்பதைத் தடை செய்யக் கூடாது என்பதில் உறுதியாக நின்ற இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், மூன்று பேரை மட்டும் தடை செய்யலாம் என்றார்கள். சட்டத்தை வளைக்கும் வெட்கமற்ற முப்தி, அறியாமையில் வைத்தியம் செய்பவர், பொருளில்லாமல் வாகனம் வாடகைக்கு விடுவதாகப் பணம் வாங்குபவர் ஆகியோரே அம்மூவர். முதலாமவர் மக்களின் தீனையும், இரண்டாமவர் உடலையும், மூன்றாமவர் பொருளையும் கெடுப்பதே காரணம். போலி டாக்டரிடம் ஊசி போட்டுக் கொள்ள வரிசையில் நிற்கும் நம் மக்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் நூலோடு நின்றுவிடவுமில்லை. ஹிஜ்ரி 319-இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு வைத்தியரின் பிழையால் நோயாளி இறந்த செய்தி கலீபா அல்முக்ததிருக்கு எட்டியது. தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித் அவர்களால் பரீட்சிக்கப்படாத எவரும் இனி வைத்தியம் செய்யக் கூடாது என்று கலீபா ஆணையிட்டார். அந்நகரில் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் பரீட்சைக்கு வந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம்

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டாக்டர்களையும் கட்டுப்படுத்தும் என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் பிராது கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகவே வைத்தியம் தரும் இடம் அந்தச் சட்டத்தில் வராது. அங்கு நேர்ந்த தவறுக்கு மற்றக் கோர்ட்டுகளை நாடலாம்.

கிரிமினல் வழக்கு வேறு. மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே அது நிற்கும். போலீசார் வழக்கை நடத்துமுன் வேறொரு தகுதியுள்ள டாக்டரின் நடுநிலையான அபிப்பிராயத்தைப் பெற வேண்டும். சாதாரணமாக டாக்டரைக் கைது செய்துவிடக் கூடாது என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவில், வைத்தியத்தின்போது அலட்சியத்தால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற டாக்டருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடமிருக்கிறது.

நம் தமிழகத்திலேயே நடந்த ஒன்று. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில வாரங்களில் கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். உரிய காலத்தில் கண்டால் பார்வையைக் காக்க வழியுண்டு. பெற்றோருக்கு அது சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலை 1-இல்தான் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்தது. மொத்தம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று உத்தரவாயிற்று. அப்போது அந்தக் குழந்தைக்கு வயது 18 நிறைந்திருந்தது! இங்கே கத்தி எதுவும் தவறவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை; அவ்வளவுதான்.

சீர்திருத்தம் எப்படி இருக்க வேண்டும்?

நீதி கிடைக்க 18 ஆண்டுகள் ஆகுமானால் தறித் தொழிலாளியின் குடும்பம் எப்படித் தாங்கும்? மறுபக்கம், வழக்குக்குப் பயந்து தேவையற்ற பரிசோதனைகளை எழுதும் டாக்டர்களும் உண்டு. அந்தச் செலவும் ஏழையின் தலையில்தான் விழுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975-இல், வலிக்கும் வேதனைக்கும் தரும் நஷ்ட ஈடு 2,50,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. அந்தத் தொகை காலத்துக்கு ஒவ்வாது என்று 2022-இல் உயர்த்தியது. நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. 1974 முதல் அங்கு விபத்துக்கு ஆளானவர்களுக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கிறது. வைத்தியத்தால் நேரும் பாதிப்புக்கு டாக்டரின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட 2005 முதல் இல்லை.

இதைப் படிக்கும்போது நமக்கு ஷரீஅத்தின் ஆகிலா சட்டம் நினைவுக்கு வருகிறது. நாடாமல் நேர்ந்த பிழைக்கான தியத்தைப் பிழைத்தவர் ஒருவர் தலையிலேயே சுமத்தாமல் அவருடைய கூட்டத்தார் பகிர்ந்து செலுத்த வேண்டும் என்பது அச்சட்டம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரே பதிவேட்டில் உள்ளவர்கள் பகிர்ந்து செலுத்தும் முறை ஏற்பட்டது. வைத்தியரின் கணிப்புப் பிழைக்கான ஈட்டைப் பைத்துல் மாலே தர வேண்டும் என்ற கருத்தும் இமாம்களிடம் உண்டு. பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது. நேர்மையான வைத்தியர் ஒரு கைத்தவறால் அழியவும் கூடாது. அறியாமையிலும் அனுமதியின்றியும் செய்தவர் தப்பிவிடவும் கூடாது. இம்மூன்றையும் ஒன்றாகக் காக்கும் ஏற்பாடே சரியான சீர்திருத்தம் என்பது நமது தாழ்மையான கருத்து.

கத்ரும் நஷ்ட ஈடும்

எல்லாம் கத்ருதானே, ஏன் கேட்க வேண்டும் என்கிறார்கள் சிலர். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் தியத் தர வேண்டும், இறந்தவரின் குடும்பத்தார் தர்மமாக விட்டுக் கொடுத்தாலன்றி, என்று அன்னிஸா அத்தியாயத்தில் (4:92) விதித்தவன் கத்ரை விதித்த அதே அல்லாஹ்தான். கத்ரை ஈமான் கொள்வது உள்ளத்தின் வேலை. உரிமையைக் கேட்பது கையின் வேலை. மன்னிப்பதும் உயர்ந்ததே. ஆனால் மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் உரிமை; பக்கத்து வீட்டார் வற்புறுத்தி வாங்கித் தருவதன்று.

நியாயமாகத் தீர்ப்பாகும் ஈடு ஹலாலானது. உயிருக்கு ஈடாக வரும் தியத் இறந்தவரின் சொத்தைப் போல வாரிசுகள் எல்லோருக்கும் பங்காகும். கணவனின் தியத்தில் மனைவிக்கும் பங்கு உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் எழுதியனுப்பியதை ளஹ்ஹாக் இப்னு ஸுப்யான் (ரலி) அவர்கள் அறிவித்ததும், உமர் (ரலி) அவர்கள் தம் கருத்தை விட்டு அதை ஏற்றார்கள். எனவே அண்ணன் தம்பிகள் பங்கிட்டுக் கொண்டு விதவையை வெறுமனே அனுப்புவது அநீதியாகும். நோயாளி உயிரோடிருந்தால் அது அவருடைய பணம், மகனுடையதன்று.

அதே வேளையில் ஆத்திரத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பதும் டாக்டர் மீது கை வைப்பதும் ஹராம். தமிழக அரசின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்ற அல்மாயிதாவின் (5:8) கட்டளை இங்கும் பொருந்தும். உயிர் போயிற்று என்பது மட்டுமே தவறு நடந்ததற்கு அத்தாட்சியாகாது. இரவு பகலாக உழைக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் நன்றி சொல்வதும் நம் கடமையே.

உலமாக்களுக்கும் ஒரு வார்த்தை

ஒரு பிரயாணத்தில் கல் பட்டுத் தலை உடைந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணமானார். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதே மருந்து என்ற கருத்தில் அருளினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இது அபூதாவூதில் இருக்கிறது.

சர்க்கரை நோயாளி நோன்பு வைக்கலாமா, கர்ப்பிணி என்ன செய்வது என்று நம்மிடம் கேட்கும்போது, டாக்டரின் கருத்தைக் கேளாமல் ஃபத்வா சொல்வது இந்த ஹதீஸின் எச்சரிக்கைக்குள் வரும். அறிந்தவர்களைக் கேளுங்கள் என்ற அந்நஹ்லின் (16:43) கட்டளை நமக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. எந்த வைத்தியமானாலும் முதலில் நோயாளியிடமே கேளுங்கள். பெண்ணாயிருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

2. டாக்டரிடம் இவற்றைக் கேட்டறியுங்கள்: என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் எவை, செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவற்றை அறியும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது.

3. படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

4. சீட்டு, பரிசோதனை முடிவு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உள்நோயாளியின் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்கு விதிகள் கூறுகின்றன.

5. தவறு நடந்ததென்று எண்ணினால் இன்னொரு தேர்ந்த டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பிறகு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலோ நுகர்வோர் ஆணையத்திலோ முறைப்படி எழுத்து மூலம் பிராது கொடுங்கள்.

அன்று வந்த குடும்பத்தாரிடம் நாம் சொன்னது இதுதான். பிராது கொடுப்பது பாவமன்று. கொடுப்பதா, மன்னிப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் தாயார். அதற்கு முன்பாக, அவரைக் கேளாமல் கையெழுத்திட்ட மகன் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சிறுநீர் தரிக்காதவருக்கு ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளூச் செய்து தொழும் சலுகை ஷரீஅத்தில் உண்டு. அவருடைய தொழுகை குறைவுபடாது.

சகோதரர்களே! அமானத்துக்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகின்றான் (4:58). தன் உடலைப் பற்றிச் சொல்லும் வார்த்தை நோயாளிக்குரிய அமானத். அறிவும் கவனமும் வைத்தியர் தர வேண்டிய அமானத். துணை நிற்பது குடும்பத்தாரின் அமானத்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிபாவைத் தருவாயாக! வைத்தியர்களின் கைகளில் பரக்கத்தையும் உள்ளங்களில் உன் அச்சத்தையும் தருவாயாக! எங்கள் தாய்மார்களின் சொல்லைக் கேட்கும் செவிகளை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!